நோயில்லாதவன் ஏன் சோதனைக்கு உடன்பட வேண்டும்?

மனிதன் பிறர்க்குக் கொடுக்கக்கூடியவை பல. சோறு கொடுக்கலாம், துணி கொடுக்கலாம், கல்வி கொடுக்கலாம், தன் இரத்தத்தையும் கொடுக்கலாம். இவற்றைக் கொடுத்தவனை உலகம் கொடையாளி என்று போற்றும். ஆயின், ஒருவன் தன் சிறுநீரைப் பிறர் நலத்திற்காகக் கொடுத்தான் என்று சொன்னால் நாம் நகைக்கின்றோம். அந்த நகைப்பு நியாயந்தானா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். வாசகர் முகஞ்சுளியாது இறுதிவரை உடன்வருவாராக.

யான் செபராங் பிறையில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் கிராணி வேலை பார்ப்பவன். என் தாய்மாமன் ஜார்ஜ் டவுனில், குவீன் வீதி மாரியம்மன் கோயிலுக்கு அணித்தே குடியிருக்கின்றார். இளமையில் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். நாற்பது ஆண்டுகள் புகை பிடித்தவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒருநாள் காலையில் அவருக்குச் சிறுநீர் சிவந்து போயிற்று. வலியில்லை, எரிச்சலில்லை. மறுநாள் நீர் தெளிந்துவிட்டது. உடற்சூடு என்று எண்ணி இளநீர் வாங்கிக் குடித்தார். மூன்று மாதங்களுக்குப் பின் மீண்டும் ஒருநாள் சிவந்தது, மீண்டும் தெளிந்தது. அத்தையிடமும் அவர் வாய் திறக்கவில்லை. ஓராண்டு கழிந்து மருத்துவரிடம் சென்றபோது சிறுநீர்ப்பையில் தோன்றிய புற்று அதன் தசைக்குள்ளே இறங்கியிருந்தது. பையையே எடுத்துவிட நேர்ந்தது. இன்று அவர் வயிற்றின்மேல் ஒட்டிய ஓர் உறையில் நீரை ஏந்தி உயிர் வாழ்கின்றார்.

"அன்றைக்கே ஏன் சொல்லவில்லை, மாமா?" என்று கேட்டேன்.

"இதெல்லாம் வெளியில் பேசுகிற பேச்சா, தம்பி?" என்றார்.

அவரைக் கொல்ல வந்தது புற்று. அதற்குக் கதவைத் திறந்து வைத்தது வெட்கம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பட்டர்வொர்த்தில் படகேறிச் சென்று, அவருடன் கடையோரத்து அஞ்சடியில் அமர்ந்திருந்தபோது, அமெரிக்காவில் நடந்த ஓர் ஆய்வைப் பற்றி அவருக்குச் சொன்னேன். 1980-களின் இறுதியில் விஸ்கான்சின் மாநிலத்தில், ஐம்பது வயதைக் கடந்த, சிறுநீர்ப்பை நோய் எதுவும் தோன்றாத ஆடவரை மருத்துவர் மெஸ்ஸிங்கும் அவர்தம் குழுவினரும் அழைத்தனர். வந்தவர் 1,575 பேர். ஒவ்வொருவர் கையிலும் சோதனைப் பட்டைகள் கொடுக்கப்பட்டன. வீட்டிலேயே, நாளொன்றுக்கு ஒருமுறை, தொடர்ந்து பதினான்கு நாள்கள் அப்பட்டையைத் தம் சிறுநீரில் நனைத்து, அதன் நிறம் மாறுகின்றதா என்று பார்த்துக் குறிக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத அளவு இரத்தம் கலந்திருப்பினும் மஞ்சள் நிறத் துண்டு பச்சையாக மாறும். பதினான்கு நாள்கள் ஏனெனின், இந்நோயில் இரத்தம் ஒருநாள் தோன்றும், பலநாள் மறையும். ஒருநாள் பார்த்துவிட்டு இல்லையென்று துணிதல் தவறாகும். மாமாவை ஏமாற்றியதும் இந்த மறைவே அன்றோ?

அந்த 1,575 பேரில் இரத்தம் கண்டு முழுச் சோதனைக்கு உட்பட்டவர் 258 பேர். அவருள் சிறுநீர்ப்பைப் புற்று உடையவர் 21 பேர். பதினான்கு ஆண்டுகளுக்குப் பின், 2006ஆம் ஆண்டில் வெளியான கணக்கின்படி, அந்த 21 பேரில் ஒருவரும் அந்நோயால் இறக்கவில்லை. அதே மாநிலத்தில், இவ்வாறு சோதித்துப் பாராமல் அந்நோய் கண்ட ஆடவருள் ஏறத்தாழ ஐவருக்கு ஒருவர் அதனால் மாண்டிருந்தனர்.

மாமா வெகுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "இருபத்தொரு பேர் பிழைத்தார்கள், நல்லது. மீதிப்பேர் ஆயிரத்தைந்நூற்றுக்கு மேல் இருக்கிறார்களே, அவர்கள் எதற்காகப் பதினாலு நாள் பாடுபட்டார்கள்? அவர்களுக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்டார்.

எழுதப் படிக்க அதிகம் கல்லாத கிழவர் கேட்ட அக்கேள்விக்கு ஆங்கிலப் பள்ளியில் படித்த எனக்கு உடனே விடை கூற இயலவில்லை. படகில் திரும்புகையிலும் அதுவே என் மனத்தைக் குடைந்தது. அதற்கு யான் கண்ட விடையே பின்வருவது.

முதலில் வெட்கத்தைப் பற்றிப் பேசுவோம். சிறுநீரைப் பார்த்து நோயறிதல் நமக்குப் புதிதன்று. சித்த மருத்துவத்தில் நீர்க்குறி, நெய்க்குறி என்பன பழமையான முறைகள். தேரையர் பெயரால் வழங்குவன. விடியற்காலை நீரைக் கலத்தில் பிடித்து, அதன் நிறம், மணம், நுரை ஆகியவற்றை நோக்கி, நல்லெண்ணெய் ஒரு துளி விட்டு, அத்துளி பாம்பென நீள்கின்றதா, மோதிரமென வளைகின்றதா, முத்தென நிற்கின்றதா என்று பார்த்து வாத பித்த கபங்களை மதிப்பிட்டனர். அம்முறை இன்றைய அறிவுக்குப் பொருந்துமா என்பது வேறு கேள்வி. நம் வைத்தியர் நீரைக் கையிலெடுத்து நோக்க நாணவில்லை என்பதே ஈண்டு நாம் கருதத்தக்கது.

அங்ஙனமாயின் இவ்வெட்கம் எங்கிருந்து வந்தது? சாதியிலிருந்து வந்தது என்று தயங்காமல் கூறுவேன். கழிவைத் தீட்டென்றோம், அதனைத் தொட்டு அகற்றியவனையும் தீட்டென்றோம். தோட்டத்தில் கக்கூஸ் கழுவத் தோட்டி என்று ஒருவனை நியமித்து, அவன் வீட்டில் தண்ணீர் குடிக்க மறுத்தோம். கடல் கடந்து வந்தும் அந்த மூட்டையைக் கடலில் எறிந்தோமில்லை. மனிதக் கழிவை மனிதன் கையால் அள்ளும் கொடுமையைத் தடுக்க இந்தியாவில் 1993ஆம் ஆண்டில் ஒரு சட்டமும் 2013ஆம் ஆண்டில் மற்றொரு சட்டமும் இயற்ற வேண்டியிருந்தது. பிறன் கழிவைத் தொட்டவனை இழிந்தவன் என்று சொன்ன நாக்கு, தன் கழிவில் இரத்தம் கண்டபோது அதைச் சொல்ல எழவில்லை. பிறரைக் கட்ட நெய்த கயிறு நம் கழுத்தையே சுற்றியது.

இனி மாமாவின் வினாவுக்கு வருவோம். நோய் இல்லை என்று தெரிந்தவர்க்குக் கிடைத்தது என்ன?

யான் கணக்கெழுதிப் பிழைப்பவன். செக்ரோலில் வேலைக்கு வந்தவன் பெயருக்கு நேரே குறியிடுவேன். வராதவன் பெயருக்கு நேரேயும் குறியிடுவேன். வராதவன் வரிசையை எழுதாது விட்டால், வந்தவர் தொகை சரியா என்று எவராலும் சொல்ல இயலாது. 'இல்லை' என்பதும் கணக்கே. அவ்வாறே, 1,575 பேரில் 21 பேர் என்று சொல்லும்போதுதான் அந்த 21க்குப் பொருள் பிறக்கின்றது. நோய் கண்டவரை மட்டும் எண்ணினால் மருத்துவன் ஒன்றும் அறியான். எத்தனை பேரைச் சோதித்தால் ஒருவரைக் காப்பாற்றலாம், எத்தனை பேரை வீணே அச்சுறுத்துவோம் என்பன எல்லாம், நோயில்லாதவர் பொறுமையுடன் எழுதித் தந்த 'இல்லை'களிலிருந்தே தெரியவரும். ஆதலின் அந்த மீதிப்பேர் வெறுமனே நின்றவர் அல்லர். அக்கணக்கைத் தாங்கி நின்றவர் அவரே.

இதில் இழப்பே இல்லையென்று சொல்வது பொய்யாகும். இரத்தம் கண்ட 258 பேரில் 21 பேர் போக எஞ்சிய 237 பேருக்குச் சிறுநீர்ப்பைப் புற்று இல்லை. கல், கிருமி, புரோஸ்டேட் சுரப்பியின் வீக்கம் முதலிய வேறு பல காரணங்களாலும் நீரில் இரத்தம் கலக்கும். எனினும் அவர்கள் சிலநாள் உறக்கமிழந்திருப்பர். மெல்லிய குழாயைச் செலுத்திப் பையின் உட்புறத்தைப் பார்க்கும் சோதனைக்கும் ஆளாகியிருப்பர். மேலும், அவ்வாய்வு தானே முன்வந்தவரை வைத்து நடந்தது. சீட்டுப்போட்டு இரு கூட்டமாகப் பிரித்து ஒப்பிட்டதன்று. ஆதலின் அதனைக் கொண்டே முடிவு கட்டுதல் கூடாது என்பார் வாதம் வலிமையுடையது. நோய்க்குறி தோன்றாத எல்லோரையும் இவ்வாறு சோதிப்பது நலமா என்று துணிவதற்குப் போதிய சான்று இல்லை என்று அமெரிக்க நாட்டுத் தடுப்பு மருத்துவ அறிஞர் குழு 2011ஆம் ஆண்டில் அறிவித்தது. இங்கிலாந்தில் யார்க்ஷயர் வட்டாரத்தில் புகைப்பழக்கமுடையோரை அழைத்து வீட்டுச் சோதனை ஆய்வொன்றைப் பின்னாளில் தொடங்கியதும் இக்குறையை நிரப்பும் முயற்சியே. எனவே ஆய்வுக்கு உடன்படுபவன் உறுதியான பயனை வாங்கச் செல்பவன் அல்லன். இன்னும் விடை தெரியாத வினாவுக்குத் தன் காலத்தையும் மன அமைதியையும் ஈடு வைப்பவன். அதனாலேயே அச்செயல் வாணிகமாகாமல் அறத்தின் எல்லைக்குள் வருகின்றது.

'எனக்கு என்ன வந்தது? நான் ஏன் ஈடு வைக்க வேண்டும்?' என்பவர்க்கு ஒன்று கூறுவேன். நாம் உண்ணும் சோற்றிலேயே ஒரு கடன் இருக்கின்றது.

நூறாண்டுக்கு முன் மலாயாவில் பெரிபெரி என்னும் நோய் ஆயிரக்கணக்கான கூலிகளைக் கொன்றது. கால் வீங்கி, நடை தளர்ந்து, நெஞ்சடைத்து மாண்டனர். தீட்டிய பச்சரிசி உண்ட சீனரிடை அந்நோய் மிகுந்திருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழரிடை அரிதாயிருந்தது. இவ்வேறுபாட்டை எடுத்துக்காட்டியவருள் ஒருவர் பிராடன் என்னும் மருத்துவர். 1905ஆம் ஆண்டின் இறுதியில் பிளெட்சர் என்னும் மருத்துவர் கோலாலம்பூர் மனநோயர் இல்லத்தில் இருந்தோரை வரிசையாக நிறுத்தி, ஒற்றைப்படை எண்ணினரை ஒரு பக்கமும் இரட்டைப்படை எண்ணினரை ஒரு பக்கமுமாகப் பிரித்து, ஒரு சாரார்க்குப் பச்சரிசியும் மறு சாரார்க்குப் புழுங்கலரிசியும் கொடுத்துவந்தார். பச்சரிசி உண்டவருள் 18 பேர் பெரிபெரியால் மாண்டனர். புழுங்கலரிசி உண்டவருள் அந்நோயால் ஒருவரும் மாளவில்லை. பின்னர் 1907ஆம் ஆண்டில் பிரேசர், ஸ்டான்டன் என்னும் இருவர் நெகிரி செம்பிலானில் சாலை போட்ட ஜாவானியத் தொழிலாளரிடையே இத்தகைய ஆய்வை நடத்தி, குற்றம் தீட்டிய அரிசியில் இருப்பதை உறுதிப்படுத்தினர். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள்ளே ஊறிவிடுகின்றது என்பது இன்று பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தி. அதை அறிவதற்கு விலை கொடுத்தவர் யார்? தம் பெயரையும் தெளிவாகச் சொல்ல இயலாத மனநோயர். அவரிடம் எவர் சம்மதம் கேட்டார்?

நம் முன்னோர் சீவிய பால்மரத்தின் கதையும் இதுவே. சாயத் தொழிற்சாலையில் உழைத்தவர்க்குச் சிறுநீர்ப்பையில் கட்டி தோன்றுகின்றது என்று பிராங்பர்ட் நகரத்து ரேன் என்னும் மருத்துவர் 1895ஆம் ஆண்டிலேயே எழுதினார். அத்தொழிலில் வழங்கிய ஒரு நஞ்சு நாய்களுக்குச் சிறுநீர்ப்பைப் புற்றை உண்டாக்கியதை 1938ஆம் ஆண்டில் ஹூப்பர் என்பார் காட்டினார். ரப்பர் கெடாமலிருக்கச் சேர்க்கும் ஒரு பொருளிலும் அதே நஞ்சு கலந்திருந்தது. ஆயினும் இங்கிலாந்தில் அப்பொருள் கைவிடப்பட்டது 1949ஆம் ஆண்டில்தான். இங்கே நம்மவர் வடித்த பாலில் ஆன ரப்பரை அங்கே பிசைந்த தொழிலாளர், தாம் சோதனைக்குள்ளானோம் என்பதையும் அறியாமலே சோதனைக்குள்ளாயினர். அவர்தம் நோயே பிறர்க்குப் பாடமாயிற்று.

இவற்றைக் கேட்டுச் சிலர் கொதிப்பர். 'ஏழைகள் சோதனைக்கு எலிகளா? இனி எந்த ஆய்வுக்கும் உடன்படோம்' என்பர். அந்தக் கொதிப்பு நியாயமானது, அம்முடிவு நியாயமானதன்று. அன்று நேர்ந்த குற்றம் யாது? ஆய்ந்தது குற்றமா? அன்று, கேளாமல் ஆய்ந்ததே குற்றம். கேளாமல் எடுத்தது திருட்டு என்பதால், கேட்டுப் பெறும்போதும் கொடுக்கமாட்டேன் என்றல் பொருந்துமா? 1947ஆம் ஆண்டில் நியூரம்பர்க் தீர்ப்பும், 1964ஆம் ஆண்டில் உலக மருத்துவச் சங்கத்தின் ஹெல்சிங்கி அறிக்கையும், மனிதனை ஆராய்வதற்கு முன் அவனுக்கு உண்மையைச் சொல்லி அவன் சம்மதத்தைப் பெற வேண்டும் என்று வகுத்தன. மாண்டவர் பலரின் துயரத்தின்மேல் எழுந்த விதி இது. அதனை நாம் பயன்படுத்த வேண்டும். அதன்பின் மறைந்து ஓடலாகாது.

பிறர் குற்றத்தைச் சொல்லும் யான் என் குற்றத்தையும் சொல்லக் கடமைப்பட்டவன். எங்கள் தோட்டத்திற்கு ஒருமுறை சுகாதார முகாம் ஒன்று வந்தது. சர்க்கரையும் சிறுநீரும் பார்ப்பார்கள் என்றனர். யான் காலைப் பெரட்டில் எல்லோரையும் நிறுத்தி, செக்ரோலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டு, ஆளுக்கொரு குப்பியைக் கொடுத்தேன். ஒருவரும் மறுக்கவில்லை. எல்லோரும் ஒத்துழைத்தனர் என்று மேனேஜரிடம் பெருமையாகச் சொன்னேன். மாலையில் வங்காளதேசத்து இளைஞன் ஒருவன் ஆபீஸ் வாசலில் தயங்கி நின்றான். "கிராணி, என்னால் கொடுக்க முடியவில்லை. போதைப்பொருள் சோதனையா இது? கொடுக்காவிட்டால் சம்பளம் பிடிப்பார்களா? ஊருக்கு அனுப்பிவிடுவார்களா?" என்று கேட்டான். இந்நாட்டில் சிறுநீர் கேட்பவர் என்றால் ஏழைத் தொழிலாளிக்கு முதலில் நினைவுக்கு வருபவர் போலீசார் அல்லரோ?

அன்று எனக்கு நாணம் உண்டாயிற்று. காலையில் மறுக்காமல் நின்றவரெல்லாம் சம்மதித்து நின்றவர் அல்லர். கூப்பிட்டவன் சம்பளம் எழுதுபவன் என்பதால் நின்றவர். பிளெட்சர் மனநோயரை வரிசையில் நிறுத்தியதற்கும் யான் என் தோழரைப் பெரட்டில் நிறுத்தியதற்கும் எவ்வளவு தூரம்? என் எண்ணம் நல்லதே. அவர் எண்ணமும் தீயதன்று. நல்ல எண்ணம் மட்டும் போதாது என்பதை அவ்விளைஞன் எனக்குக் கற்பித்தான்.

வீட்டுச் சோதனையின் சிறப்பு அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. வீட்டுக் கழிவறைக் கதவுக்குப் பின்னே மண்டோர் இல்லை, கிராணி இல்லை, மருத்துவரும் இல்லை. அங்கே ஒருவன் பட்டையை நனைக்கலாம்; நனையாமலே 'இல்லை' என்று எழுதலாம்; குப்பையில் எறிந்துவிடலாம். எவரும் அறியார். தவறச் செய்ய முழு உரிமை இருக்கும் இடத்தில் ஒருவன் தவறாது செய்வதே அவன் சொந்த அறம். பெரட்டில் நின்று கொடுத்த நூறு குப்பிகளினும், தன் வீட்டில் தானாக நனைத்து மெய்யாகக் குறித்த ஒரு பட்டை மேலானது. அந்த விஸ்கான்சின் ஆடவர்க்குக் கைதட்டல் இல்லை, கல்வெட்டு இல்லை. பதினான்கு காலைகளில் எவரும் காணாத இடத்தில் எவனோ ஒருவனுக்காக ஒரு சிறு வேலையை ஒழுங்காகச் செய்தனர். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாத கொடை என்பார்களே, அது இதுவன்றோ?

அடுத்த மாதம் யான் மாமாவிடம் சென்று என் விடையைக் கூறினேன். "மாமா, அந்த மீதிப்பேருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அவர்கள் வாங்க வந்தவர்கள் அல்லர். முன்னே மாண்டவர்களிடம் நாமெல்லோரும் பட்ட கடனைத் தங்கள் பங்குக்கு அடைத்தவர்கள்" என்றேன்.

அவர் வயிற்றின்மேலிருந்த உறையைச் சட்டைக்குள் சரிசெய்துகொண்டார். "எனக்கு முன்னே எவனாவது வெட்கப்படாமல் இதைச் சொல்லியிருந்தால் நானும் காலத்தோடு போயிருப்பேன். நீ எழுதுகிறவன்தானே? என் கதையை எழுது. பேரை மட்டும் போடாதே" என்றார்.

அவர் அனுமதித்ததனாலேயே இதனை எழுதினேன்.

அன்பர்களே! சிறுநீர்ப்பைப் புற்றுக்கு முதற்காரணம் புகை. அந்நோயாளருள் ஏறத்தாழப் பாதிப்பேர் புகையால் அதற்கு ஆளாகின்றனர். நீரில் ஒருமுறை இரத்தம் கண்டாலும், வலி இல்லையெனினும், மறுநாள் தெளிந்துவிட்டதெனினும், மருத்துவரிடம் சென்று சொல்லுங்கள். பெண்களே, நீர்க்கடுப்பு என்று நீங்களே முடிவு கட்டி மாதக்கணக்கில் மறைக்காதீர்கள். நாளை ஓர் ஆய்வுக்கு உங்களை அழைத்தால், முதலில் கேளுங்கள்: எதற்காக இது? எனக்கு என்ன தீங்கு நேரலாம்? முடிவை யார் பார்ப்பார்? நடுவில் விலகலாமா? தெளிவான விடை கிடையாவிடில் மறுத்துவிடுங்கள். அது உங்கள் உரிமை. தெளிவான விடை கிடைத்தால் உடன்படுங்கள். என்னைப்போல் பெயர் கூப்பிடும் இடத்தில் இருப்பவர்களே, கூப்பிடுமுன் 'விரும்பாதவர் போகலாம். பெயர் எழுதப்படமாட்டாது' என்று சொல்லுங்கள். எங்கள் தோட்டத்தில் அடுத்த முகாமின்போது யான் அவ்வாறு சொன்னேன். சிலர் போய்விட்டனர். எஞ்சியவருள் அந்த வங்காளதேசத்து இளைஞனும் இருந்தான்.